அலுமாரிக் கதவில் ஒரு சாய்ந்த கோடு

தோட்டத் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லயத்து வீட்டின் பழைய அலுமாரி ரப்பர்ப் பலகையால் ஆனது. தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்தபோது கிடைத்த, மருந்தூட்டப்படாத பலகை. சில ஆண்டுகளிலேயே அதனடியில் மாவைப் போலத் தூள் கொட்டியது. மரத்தைத் துளைத்த பூச்சி உள்ளிருந்த காகிதங்களையும் விடவில்லை. நான் வேலைக்கு விண்ணப்பித்தபோது, என் பிறப்புச் சான்றிதழை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்த எழுத்தர், அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது என்றார். புதிய பிரதிக்காக வாரக்கணக்கில் அலைந்தேன். ஆகவே அம்மா ஓய்வுபெற்று, அவருடைய சேமலாப நிதிக் கடிதங்களும் வீட்டுக்கு வந்தபோது, பூச்சி அண்டாத அலுமாரி ஒன்றை வாங்க எஹலியகொடை நகரத்துக் கடையொன்றுக்குப் போனோம்.

கடைக்காரர் ஓர் அலுமாரியைத் தேக்கு என்றார். மரம் எங்கிருந்து வந்தது, எத்தனை காலம் உலர்த்தினீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் பலகையைத் தட்டிக் காட்டுவதையே பதிலாக வைத்திருந்தார். பளபளப்பு மிகையாக இருந்தது. இத்தனை பூச்சு எதை மறைக்கிறது என்ற எண்ணம் எனக்கு வந்தது.

அம்மாவோ கதவைத் திறந்து, பூச்சு மெலிந்திருந்த உட்புறத்தில் விரலை வைத்தார். அங்கே சாய்வாக ஒரு கறுத்த கோடு ஓடியது.

"மொதலாளி, இது தேக்கு இல்லீங்க. பால் வெட்டுன ரப்பர் மரம்."

மரமே வந்து அம்மாவிடம் சொன்னதா என்று கடைக்காரர் சிரித்தார். தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டிய அம்மாவின் கை அந்தக் கோட்டின் மேல் மெல்ல நகர்ந்தது.

"எடதுல ஒசந்து வலதுல எறங்குது பாருங்க. கத்தி ஆழமாப் போன காயம். புதுசா வந்த ஆளு வெட்டியிருக்கும். கங்காணி நல்லா ஏசியிருப்பாரு."

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. ரப்பராக இருந்தாலும் மருந்தூட்டிய பலகைதான் என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். முறையாகப் பதப்படுத்திய ரப்பர்ப் பலகை நெடுநாள் உழைக்கும். அதற்காகக் காட்டில் கோடரி விழ வேண்டியதில்லை. முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அதையே வாங்குமாறு அம்மாவை வற்புறுத்தியிருப்பேன். மரத்தின் பெயரையும் மருந்தூட்டிய செய்தியையும் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள் என்றேன். முதலாவதை எழுதினார். இரண்டாவதற்கு முன் பேனா நின்றுவிட்டது.

கடையின் பின்புறம் பூச்சடிக்காத பலா அலுமாரி ஒன்று நின்றது; சிறியது, அழகற்றது, ஆனால் மஞ்சள் நிறமும் வரிகளும் அப்படியே தெரிந்தன. பலாவைப் பூச்சி லேசில் அரிக்காது என்று அம்மா அதையே கேட்டார். நான் விடவில்லை. பலாவை வெட்ட அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டுமே என்றேன். அது மரம் கொண்டுவந்தவரிடம் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார்.

அம்மா என் கையைப் பிடித்தார். "மரத்துக்காகப் பொறகு அழுவலாம் புள்ள. மொதல்ல நம்ம கடுதாசியக் காப்பாத்துவோம்."

இணங்கினேன். எல்லாக் காகிதங்களும் இப்போது அதற்குள்தான். ஞாயிறுதோறும் அம்மா அலுமாரிக்கடியில் ஈரத்துணியால் துடைத்து, தூள் ஒட்டியிருக்கிறதா என்று துணியை விரித்துப் பார்க்கிறார். இதுவரை இல்லை. அந்த அலுமாரிக்குத் தந்து, மேல்தட்டில் இருக்கும் பற்றுச்சீட்டை நானும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். பலா என்று தெளிவாக எழுதியிருக்கிறது. யார் தோட்டத்துப் பலா என்பது அதில் இல்லை.