மணி அடிக்கும்வரை

மனைவி இறந்துபோன பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பயம். மற்ற நாட்களில் பஸ், ஷிப்ட், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் இரைச்சல் என்று பொழுது ஓடிவிடும். ஓய்வு நாளில் குவார்ட்டர்ஸில் நானும் ஃபேனும்தான். கல்யாணமாகித் திருச்சியில் இருந்த மகள் போனில் சாப்பிட்டீங்களாப்பா என்பாள். சாப்பிட்டேன் என்பேன்.

அப்படிக் கிடந்தவனைத் தியானக் கூட்டத்துக்கு இழுத்துப்போனவன் என் நண்பன். கம்மாபுரம் பக்கத்து ஆள்; ஷிப்ட் பஸ்ஸில் பதினெட்டு வருடமாக என் பக்கத்து சீட். கூட்டத்தை நடத்தியவரை எல்லோரும் ஐயா என்போம். எங்கள் சுரங்கத்திலேயே வேலை பார்த்து ரிட்டயரானவர். அவர் மகனுடைய குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஞாயிறு பதினோரு மணிக்கு இருபது பேர் கூடுவோம். நல்ல மனிதர். நான் கூட்டத்துக்குப் போகும் முன்பே, என் மனைவி இறந்தபோது பதினாறு நாளும் சாயங்காலம் வந்து, ஒன்றும் பேசாமல் என்னோடு உட்கார்ந்திருந்தார். அதை நான் மறக்கவில்லை.

அவர் சொன்னதும் கண்ணை மூட வேண்டும். அரை மணி கழித்துச் சின்ன வெண்கல மணியை அடிப்பார். அதுவரை எது நடந்தாலும் கண் திறக்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவராக அனுபவம் சொல்ல வேண்டும். ஒளி தெரியும் என்று ஐயா சொல்லியிருந்ததால் எல்லோருக்கும் ஒளி தெரிந்தது. எனக்கோ கண்ணை மூடினால் கன்வேயர் ஓடும் சத்தம்தான். எதற்கு வம்பு என்று நானும் ஒளி என்றே சொல்லிவந்தேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்தோ பதினாறோ, நல்ல கோடை. அந்த ஞாயிறு ஓய்வு இல்லை; எனக்கும் நண்பனுக்கும் மத்தியானம் இரண்டாவது ஷிப்ட், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மணி அடிக்கவே இல்லை. முட்டி வலித்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பொறுக்கமாட்டாமல் கண்ணைத் திறந்தேன். கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. ஐயாவின் தாடை நெஞ்சில் கிடந்தது, லேசான குறட்டை. மணி கையிலிருந்து நழுவிப் பாயில் கிடந்தது. சுற்றிலும் அத்தனை பேரும் வியர்வை ஒழுகக் கண்ணை மூடியிருந்தார்கள், நண்பனைத் தவிர. என்னைப் பார்த்ததும் அவன் சட்டென்று மூடிக்கொண்டான்.

நான் எழுந்துபோய் ஐயாவின் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டு விழித்தவர் மணியைத் தேடி எடுத்து அடித்தார். பிறகு, இன்று உங்கள் பொறுமையைச் சோதித்தேன், ஒருவரைத் தவிர எல்லோரும் தேறிவிட்டீர்கள் என்றார்.

அனுபவம் சொல்ல ஆரம்பித்தார்கள். என்றுமில்லாத ஒளி என்று ஒரு அம்மா அழுதேவிட்டார். நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப ஆழமா இருந்துச்சுங்க ஐயா. வெளிச்சம் தெரிஞ்சுது" என்றான்.

என் முறை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நீங்க தூங்கினதுதாங்க எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வெயிலில் யார்தான் அசரமாட்டார்கள்? கண் அசந்துட்டேம்பா என்று சிரித்திருந்தால் ஆயுளுக்கும் அவர் பின்னால் போயிருப்பேன்.

வராதே என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது கூட்டம் முடிந்து, ஐயாவின் மருமகள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றியிருக்கிறார்கள், எனக்கு மட்டும் தெரியாது. மாமா படுத்திருக்காருங்க என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினேன். அன்று பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பஸ்ஸில் நண்பனைக் கேட்டேன், நீயும்தானே பார்த்தாய் என்று.

"பாத்தேம்பா. உனுக்கு முன்னாடியே பாத்துகினுதான் இருந்தேன்."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவன் ஜன்னல் வழியாக, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொல்லிட்ட. இனிமே ஞாயித்துக்கெழம எங்க போவ?"

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ரிட்டயராகும்வரை அவன் என் பக்கத்து சீட்டில்தான் வந்தான். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. நானும் வீம்புக்கு வீட்டிலேயே பதினோரு மணிக்குப் பாய் விரித்து உட்கார ஆரம்பித்தேன். ஏன் கண் திறந்தாய் என்று என்னைக் கேட்க ஆளில்லை. ஆனாலும் அரை மணி தாண்டிவிட்டது என்று நன்றாகத் தெரிந்த பிறகும், கண்ணை மூடியபடி, யாராவது மணி அடிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருப்பேன்.