தானாக ஓடிய ஃபேன்

என் அக்கா வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். முழங்கால் வலி. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கீழே இருப்பதால் தினமும் படி இறங்கி ஏற வேண்டும். அவள் கணவர் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்; எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் காலமான பிறகு, பாரிஸில் இருக்கும் மகனிடமிருந்து ஒரே பாட்டுதான்: "இங்க வந்துடும்மா." அந்தக் குளிருக்கு இந்த முட்டிவலியே மேல் என்பாள் அக்கா.

கடைசியில் அவன் கொஞ்சம் இறங்கி வந்தான். இந்த மழைக்காலம் முழுக்க அம்மா படி இறங்காமல் சமாளித்துவிட்டால் டிக்கெட் போடமாட்டேன் என்றான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கும் தம்பி நான் பிறகு எதற்கு இருக்கிறேன்? அக்காவை அனுப்பிவிட்டு இந்த ஊரில் யாரிடம் போய் நான் சண்டை போடுவது?

கடையில் விற்கும் ஸ்மார்ட் சாமான்களின் விலையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சின்ன வைஃபை போர்டு, சுவிட்ச் வேலையைச் செய்யும் நாலு ரிலே, வீட்டில் கிடந்த ஒயர். எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கினேன். உப்புக்காற்று உள்ளே போகாமல் மூடியைச் சுற்றிப் பசை வைத்தேன். மோட்டார், வாசல் லைட், ஹால் லைட், அடுப்பங்கரை ஃபேன் நான்கும் போனுக்குள் வந்துவிட்டன. அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தேன். மகனும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவன் போனிலும் போட்டேன். மோட்டார் முதல் தரம் ஓடியபோது அக்கா கை தட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழை பிடித்த பிறகு ஃபேனுக்குப் பேய் பிடித்தது. காலை பதினோரு மணி வாக்கில், யாரும் தொடாமலே ஓட ஆரம்பித்துவிடும். உப்புக்காற்றில் ரிலே ஒட்டிக்கொள்கிறது என்று மாற்றினேன். மறுநாளும் ஓடியது. போர்டையே மாற்றினேன். அப்போதும் ஓடியது.

"இருக்கட்டும் விடுடா. ஓடினா ஓடிட்டுப் போவுது" என்றாள் அக்கா.

"இன்னிக்கு ஃபேன், நாளைக்கு மோட்டார்னா? உன் புள்ளைக்குத் தெரிஞ்சா உடனே டிக்கெட்டுதான். மூச்சு விடாதே" என்றேன்.

அவள் ரசத்தைக் கிளறினாள். மத்தியானம் அவள் தூங்கும்போது, நான் ஃபேன் ஒயரை டப்பாவிலிருந்து பிடுங்கி, பழையபடி சுவரிலிருந்த சுவிட்சிலேயே மாட்டிவிட்டு வந்தேன். பேய் ஓடிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மகனிடமிருந்து போன்.

"மாமா, அடுப்பங்கரை ஃபேன் ஏன் வேலை செய்யல?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான மாமா போடறேன். காலைல ட்ரெயின் ஏறினதும் போடுவேன். அங்க அப்ப பதினோரு மணி, அம்மா சமைக்கிற நேரம், வேர்த்து ஊத்தும். ஆஃபீஸ் போனதும் நிறுத்திடுவேன்."

பாரிஸில் ரயில் ஏறுகிறவன் வைத்திக்குப்பத்து ஃபேனைப் போடுவான் என்று எந்த லேபில் சொல்லித் தருகிறார்கள்? வெட்கமாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. ஸ்க்ரூ டிரைவரோடு ஓடினேன்.

"அவன்தான் ஃபேன் போடறான்னு உனக்குத் தெரியுமா?" என்றேன் அக்காவிடம்.

"ஞாயித்துக்கிழமைன்னா ஓடாது. அவனுக்கு லீவு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ அவன்கிட்ட கேப்ப. கேட்டா கூச்சப்பட்டு நிறுத்திடுவான். ரெண்டு நாளா ஓடலியா, அவனுக்கு உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டே இருந்தேன்டா. பண்ணா மறுபடி 'வந்துடும்மா'ம்பான்னு வீம்புக்கு நானும் போன் பண்ணல."

ஒயரை மாட்டிவிட்டு மகனுக்குச் சொன்னேன். டிக்கெட் பேச்சை எடுக்கலாமா என்று தயங்கும்போதே அவன் சொன்னான்: "அம்மா அங்கயே இருக்கட்டும் மாமா. ஃபேனை மட்டும் கழட்டிடாதீங்க."

மறுநாள் பதினோரு மணிக்கு அங்கேதான் இருந்தேன். அக்கா குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. காற்றில் கேஸ் அடுப்பின் தீ படபடவென்று அடித்துக்கொண்டது. ஃபேனை நிறுத்தப்போன என் கையை அக்கா தட்டிவிட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அவன் ஆஃபீஸ் போற வரைக்கும் சமையல் இல்ல" என்றாள்.