தாப்பா ரோட்டில் முதுகைத் திருப்பியவர்கள்

மலைக்குளிரில் பிறந்த எங்களுக்கு வெயில் என்றாலே தாப்பா ரோட் ரயில் நிலையம்தான். தோட்டத்து லோரியில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக் கீழே வந்து சேர்ந்தால், சிலிப்பரையும் மீறித் தரை சுடும். சுவெட்டருக்குள் முதுகு நனையும். தெலுக் ஆன்சனுக்குக் கிளைப்பாதை பிரிந்த சந்திப்பு அது. எங்கள் தாத்தாக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இறங்கியதும், தேயிலைப் பெட்டிகள் வெளியூருக்கு ஏறியதும் அங்கேதான். எனக்கு விவரம் தெரிந்தபோது அது மனிதர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

குடியுரிமை இல்லாதவர்களிடம் இருந்த அடையாள அட்டை "சிவப்பு ஐசி". அவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காவிட்டால் பினாங்குக்கு ரயில், அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டார் தங்கள் கோழிகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். வழியனுப்ப எல்லாரும் போவோம். ஆனால் ரயில் நகருமுன் முதுகைத் திருப்பிவிட வேண்டும்.

"ரயிலு போறதப் பாத்தா அடுத்தது பாத்தவங்க வூடுதான். திரும்பு லா!" என்று அம்மா என் தலையைப் பிடித்துத் திருப்புவாள்.

பக்கத்து வீட்டு வள்ளி போன அன்று நான் திரும்பவில்லை. கடைசிப் பெட்டி மறையும்வரை கையாட்டினேன். அம்மா கவனிக்கவில்லை.

அடுத்த மாதமே அப்பாவுக்குப் பெர்மிட் இல்லை என்றார்கள். பயத்தில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அம்மாவும் நானும் இங்கே பிறந்து குடியுரிமை பெற்றவர்கள். அப்பா ஐந்து வயதில் கப்பலில் வந்தவர். தன் சொந்த ஊர் எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.

"ஆறு மாசத்துல எல்லாம் சரி பண்ணிட்டு வந்துடறேன் புள்ள. அம்மாகிட்ட மல்லுக்கு நிக்காத," என்று சொல்லி ஏறினார்.

விசில் ஊதியதும் நானாகவே திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார். பார்த்துவிட்டால் அடுத்தது அம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வரவேயில்லை. இரண்டு வருடம் கழித்துக் கருமாதிக் கடிதம்தான் வந்தது.

இப்போது தாப்பா ரோட்டுக்கு மின்சார ரயில் வந்துவிட்டது. கிளைப்பாதையைப் பிடுங்கி எத்தனையோ காலமாகிறது. எங்கள் லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் குடியிருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிய அம்மா மலைமேல் தானா ராத்தா டவுனில் என்னோடு இருக்கிறாள்.

"அன்னிக்கு ஒங்கப்பா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே, ஒனக்குக் கேட்டுச்சா?" என்று திடீர் திடீரென்று கேட்பாள்.

"இல்லம்மா, ரயிலு சத்தம்தான்," என்று சொல்லிவிடுகிறேன்.