நாலாம் கட்டிலுக்கு என்ன?

கிண்ணியா பஸ்ஸில் நித்திரை கொள்பவர்களுக்கு நான்தான் எதிரி என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்று பக்கத்துச் சீட்டில் ஒரு அக்கா, வாய் திறந்த நல்ல நித்திரை. என் போனில் ஆஸ்பத்திரி மெஷினின் ‘டீங் டீங்’ சத்தம் இருந்தது. அவருடைய காதருகே போட்டுவிட்டேன்.

கண் திறக்க முதலே அவர் கை என் மணிக்கட்டில் நாடி பிடித்துவிட்டது.

“நாலாம் கட்டில் பிள்ளைக்கு என்ன?”

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

சிறுபிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு டொக்டராம். இரண்டு இரவு நித்திரை இல்லையாம்.

“சொறி டொக்டர், பகிடிக்குச் செய்தனான்.”

அவர் ஏசவில்லை. ஆனால் பயம் போகாமல் வார்ட்டுக்குப் போன் அடித்தபடியே எனக்குச் சொன்னார்.

“அந்தப் பிள்ளைக்கு இண்டைக்குக் காலமைதான் மூச்சு மெஷினைக் கழட்டினது தம்பி.”

நேர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டது. “பசியில கத்துறான் டொக்டர், எங்கட காது அடைக்குது!”

டொக்டர் சிரித்துக்கொண்டே சாய்ந்தார். “கத்தட்டும். கத்துறதுக்கு மூச்சு வேணுமெல்லே.”

பாலத்தில் ஏறும்போது முன்சீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. தாய் தட்டிக்கொடுத்தும் சரிவரவில்லை, கொண்டக்டர் விசிலடித்து விளையாட்டுக் காட்டியும் சரிவரவில்லை. நான் பயந்துபோய் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

வாய் திறந்த நல்ல நித்திரை.

மெஷின் சத்தத்தை அழித்துவிட்டேன். உங்கள் வீட்டில் நன்றாகக் கத்துகிற பிள்ளை இருந்தால் பதிவு செய்து அனுப்புங்கள். அடுத்த முறை டொக்டருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அதைத்தான் போடப் போகிறேன்.