கயர் படாத சட்டை

சென்ற செவ்வாய்க்கிழமை நீர்வேலிப் பக்கம் அடி வாங்கப் பார்த்தேன். காரணம் — ஒரு காமிக்ஸ் புத்தகம்.

உடுப்பிட்டியில் வேலை இருக்கிறது என்றார்கள். போனேன்... இல்லை என்றார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸும் நீர்வேலியில் பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் வரும்வரை வாழைத் தோட்டத்து நிழலில், ஒரு மதகில் உட்கார்ந்து காமிக்ஸைப் பிரித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படம் இருந்தால் இன்னும் விடமாட்டேன்.

கதை இதுதான். ஒரே நகரத்துக்கு இரண்டு முகமூடிக் காவலர்கள். கள்ளனைப் பிடிப்பதைவிட, யார் பிடிப்பது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையில் இடிந்த கட்டடத்தில் தம்பியைப் பறிகொடுத்த வேட்டைக்காரன் ஒருவன், இருவரையும் தேடி வருகிறான்.

கடைசிப் பக்கம் வந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"ஆரடா நீ? தோட்டத்தை என்ன நோட்டம் பார்க்கிறாய்?"

வலக்கையைப் பிடித்தவர்கள், கள்ளரைப் பிடிக்க மேற்கு ஒழுங்கைத் தெருக்காரர் போட்ட காவல் குழு. அதற்குள் கிழக்கு ஒழுங்கைக் குழுவும் ஓடிவந்து இடக்கையைப் பிடித்தது.

"மதகுக்கு இங்காலை எங்கடை பக்கம். விடு ஆளை!"

"நாங்கள்தான் முதல் கண்டனாங்கள்!"

"உவன்ரை கையிலை என்ன?"

"காமிக்ஸ்" என்றேன்.

"இந்த வயசிலையோ?"

சிரித்தார்கள். பிடி மட்டும் தளரவில்லை. இந்த இரண்டு கைகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஒன்று முறிந்தாலும் ஒரு மாதம் பட்டினி. அதை யாரிடம் சொல்ல?

அப்போதுதான் தோட்டக்காரர் கத்தியோடு வந்தார். மகளின் கலியாண வாசலில் கட்ட விட்டிருந்த குலைகளை அன்று விடியற்காலையில் யாரோ வெட்டிப் போயிருந்தார்கள். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்கு வேட்டைக்காரன்தான் ஞாபகம் வந்தான்.

என் சட்டையைத் தடவிப் பார்த்தார். வேலை கேட்கப் போட்ட வெள்ளைச் சட்டை.

"காலமையிலை இருந்து இதுதானோ?"

"ஓம் அண்ணை. வேறை இல்லை."

"விடுங்கோடா ஆளை. குலையை வெட்டித் தோளிலை தூக்கினவனுக்குக் கயர் படாமல் இருக்குமே?"

உண்மைதான். வாழைக்கயர், வெட்டிய இடத்தில் வடியும் அந்தச் சாறு, பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு தோளாகப் பார்த்தார். இரண்டு குழுவிலும், கறுத்த கறை இல்லாத சட்டை ஒன்றுகூட இல்லை.

"அண்ணை, இது எங்கடை தோட்டத்துக் கயர்..." என்றான் ஒருவன்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

என் கைகள் தானாக விடுபட்டன.

ஊரைக் காக்க ஒருவர் போதாது என்றால் புரிகிறது. இரண்டு பேர் கிளம்பினால் மட்டும் ஏன் முதலில் அகப்படுபவன் வழிப்போக்கனாக இருக்கிறான்?

இழுபறியில் புத்தகத்தின் கடைசிப் பக்கம் கிழிந்து அங்கேயே விழுந்துவிட்டது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

வேட்டைக்காரன் யாரைப் பிடித்தான் என்று எனக்குத் தெரியாது... தோட்டக்காரர் யாரைப் பிடித்தார் என்று கேட்கத் திரும்பிப் போகவும் இல்லை.