உள்பாவாடை கட்டிய போலீஸ்காரர்

எங்கள் ஊர்த் தெருக்கூத்தில் ஆண்கள்தான் புடவை கட்டி, மாரில் அடித்துக்கொண்டு, பெண்களுக்காக அழுவார்கள். நன்றாகவே அழுவார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன லம்பாசா நசியா பகுதித் தையல் வகுப்புப் பெண்கள் நாங்கள், பெண்களுக்கு மட்டும் ஒரு நாடகம் போட்டு, மீசையை நாமே ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

கதை என்னுடையது. ஆனால் தலைநகர் சுவாவில் யாரோ ஒருத்திக்கு நடந்தது என்றுதான் சொன்னேன். எங்கள் லம்பாசாவில் வெளியே சொல்ல முடியாத எல்லாமே சுவாவில்தான் நடக்கும்.

ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வாரம், பட்டப்பகலில் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். ஒருவன் மாமியாரைச் சமையலறையில் போட்டுப் பூட்டினான். மற்றவன் என்னைப் பலாத்காரம் செய்தான். மறுநாள் ஸ்டேஷனில் போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, "கதவை ஏன் திறந்தாய்?" நான் பதில் சொல்லவில்லை. அவர் நோட்டை மூடிவிட்டார். அதன்பின் வீட்டில் நானும் மாமியாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. யாராவது ஒருமுறை நான் சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நாடகம் எழுதியதே அதற்காகத்தான்.

அந்தப் பெண்ணாக நடிக்க எனக்குத் தைரியமில்லை. போலீஸ்காரர் வேஷத்தை எடுத்துக்கொண்டேன். மேசையைத் தட்டி அந்தக் கேள்வியை நானே கேட்கக் கேட்க, அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று புரிந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கவிழ்ப்புக்குப் பின் பலரும் நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்ததால், எங்களுக்கு வினையாக வந்தது விசா. முதல் வில்லன் ஆக்லாந்து போனாள். அடுத்த வில்லன் பிரிஸ்பேன் போனாள். போதும், அவன் மேடைக்கே வர வேண்டாம் என்று வெட்டிவிட்டோம். நாடகம் இன்னும் நன்றாக இருந்தது. மூன்று நாள் இருக்கும்போது கதாநாயகிக்கும் சிட்னி விசா வந்தது. அவள் வசனம் முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இப்போது போலீஸ்காரர் வேண்டும். விசா வரவே வராத ஆள் யார் என்று யோசித்தேன். பிளேனில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த மாமியார்தான்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"ஒரே கேள்வி அத்தே. 'கதவை ஏன் தொறந்தே?'ன்னு கேக்கணும்."

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "கத்தரிக்கோல எடு" என்றார். எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் இடுப்பில் பாவாடை போலக் கட்டும் வெள்ளைச் சூலுவுக்கு விளிம்பு ரம்பப் பல் போல இருக்குமே, அதற்காக என் புது வெள்ளை உள்பாவாடையை ஈவிரக்கமின்றி வெட்டினார்.

சனிக்கிழமை பிற்பகல் கோவில் கூடம் நிறைந்திருந்தது. தேங்காய் நார் மீசையோடு மாமியார் நுழைந்ததுமே பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மைதாப் பசை காயாததால் மீசை கன்னத்துக்கு நகர்ந்தது. புடவைமேல் கட்டிய பாவாடையின் நாடா அவிழ்ந்து, ஒரு கையால் அதையும் மறு கையால் போலீஸ் நோட்டையும் பிடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் "ஐயா" என்று தொடங்க வேண்டும். பதற்றத்தில் "அத்தே" என்று தொடங்கிவிட்டேன்.

கூடம் இன்னொரு முறை சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாகப் புரிந்துகொண்டு அடங்கினார்கள். சுவா கதை லம்பாசாவுக்கு வந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை.

கேள்வியின் முறை வந்தது. மாமியார் அதைக் கேட்கவில்லை. நாடாவை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"கதவத் தொறந்தது நாந்தான். மீன்காரன்னு நெனச்சேன். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு இவ அன்னிக்கு வாய மூடிக்கினா."

கையிலிருந்த நோட்டை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எழுத வராது. நான் சொன்னதயும் சேத்து நீயே எழுதும்மா. கைநாட்டு நான் வெக்கிறேன்."

அழுதுகொண்டே எழுதினேன். பாவாடை காலடியில் கிடக்க, மீசை காதோரம் தொங்க, பழைய புடவையோடு அவர் காத்துக்கொண்டு நின்றார். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.