வெர்லீன் தந்த பெப்பர்மின்ட்

எங்கள் சர்ச்சில் பிரசங்கம் லேசில் முடியாது. யாராவது இருமினால் போதும், வாசலில் நின்று ஆட்களை உட்காரவைக்கும் வெர்லீன், வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக வந்து நிற்பாள். உள்ளங்கையில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய் இருக்கும்.

அவள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததே கட்டி உடைந்த பிறகுதான். மிசிசிப்பி டெல்டாவில், எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குப் படம் எடுக்கும் வசதி கிடையாது. அதனால் எச்சிலை வைத்து அந்த நோயைக் கண்டுபிடிக்கும் கைக்கருவியைச் சோதித்துப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆள் தேடி வந்தபோது, முதலில் கை தூக்கியவள் வெர்லீன்.

ஆராதனை முடிந்ததும் கீழ்த்தளத்தில் சோதனை. சின்னப் பட்டையை நாக்கில் நனைத்துக் கருவியில் செருக வேண்டும். நோய் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை. அரைமணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது. அதில் வெர்லீன் படுகறார். அங்கே விருந்துக்கு வைத்த கோழி வறுவல் பக்கம் போனவர்களை விரட்டியே விடுவாள்.

அவள் தங்கை ஜோனெலுக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

"ஆஸ்பத்திரிக்கு வாடி."

"அம்மாவும்தான் போனா. திரும்பி வந்தாளா? உன் பொம்மை சிவப்பு காட்டட்டும்க்கா, அப்ப வரேன்."

பச்சை எரிந்தது. வெர்லீன் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாங்கள் கைதட்டினோம். விளக்கு என்ன சொன்னாலும் கட்டி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கையில் தட்டுப்படும் கட்டியை விட்டுவிட்டு விளக்கை நம்பிய எங்களை என்னவென்று சொல்வது! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பருத்தி எடுக்கும் காலத்தில் ஜோனெலின் மார்புத் தோல் சுருங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எலும்புவரை பரவிவிட்டது என்றார்கள். ஆராய்ச்சிக்காரப் பெண் வெர்லீனிடம் விசாரித்தாள்.

"அன்னிக்கு அவங்க வாயில ஏதாவது இருந்துச்சா?"

"எதுவும் சாப்பிடலம்மா. ஆராதனையில இருந்து நேரா கீழ வந்தா. நான் குடுத்த பெப்பர்மின்ட்..."

அதனால் கருவி அளவைக் குறைத்துக் காட்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் அந்தப் பெண். நாங்கள் யாரும் பெப்பர்மின்ட்டைச் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை. அது பிரசங்கத்தோடு வருவது.

அதற்குப் பிறகு வெர்லீன் கையில் பெப்பர்மின்ட் இல்லாமல்தான் வாசலில் நின்றாள். யார் இருமினாலும் அசையவில்லை.

ஒரு ஞாயிறு ஜோனெல் வந்தாள். தலையில் துணி, முகத்தில் ரத்தமே இல்லை. பிரசங்கத்தின் நடுவே கையை நீட்டினாள்.

"அக்கா, மருந்து ஏத்துனதுல வாயெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு. ஒண்ணு குடுக்கா."

"எங்கிட்ட இல்லடி."

"பொய் சொல்லாத. சர்ச்சுக்குள்ள நிக்கிற. இனிமே அது என்னை என்னக்கா பண்ணும்?"

வெர்லீன் கையுறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தாள். அந்த மருந்தால் ஜோனெலின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. வெர்லீனே தாளைப் பிரித்துத் தங்கையின் வாயில் போட்டாள்.